எட்டாவது கோப்பு

மாங்குளம் சந்தியில், டயர் ஒட்டும் கடையின் பின்னறையில் இருந்து
நான் ஆட்களைக் கொல்கிறேன்.
மாதம் ஒரு புத்தகம், நூற்றிருபத்தெட்டுப் பக்கம்.
பக்கம் கூடினால் யாழ்ப்பாணத்து முதலாளி ஏசுவார்,
பிணம் கூடினால் ஏசமாட்டார்.

இந்த முறை ஏழு.
செத்தவரின் சட்டைப் பையில்
கொலைகாரன் ஒரு நெருப்புப்பெட்டி வைத்துவிட்டுப் போவான்.
முதல் ஆளுக்கு ஒரு குச்சி, மூன்றாம் ஆளுக்கு மூன்று.
அவனைப் பிடிக்க வருபவர் சேந்தன்.
தேநீரை ஆறவிட்டு மறந்துபோகிற மனிதர்.
செருப்புத் தேய்ந்த பக்கத்தைப் பார்த்தே
ஊரையும் தொழிலையும் சொல்லிவிடுகிற மூளை.
கதை நடப்பது கொழும்பில்.
மழையும் மஞ்சள் விளக்கும் தாராளமாகப் போட்டேன்.
இங்கே வைத்து எழுத வராது.
ஏனென்று என்னை நான் கேட்டதில்லை.

தட்டச்சுச் செய்பவள் குணேஸ்வரி.
பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே போட்டோக்கொப்பிக் கடை,
பாமினி எழுத்து, பக்கம் ஐம்பது ரூபா,
கரண்ட் போய் அழிந்ததற்குக் காசில்லை.
பத்து வருடத்தில் என் கதை பற்றி ஒரு சொல் சொன்னதில்லை.
அன்றைக்கு இரண்டாம் அத்தியாயத்தில் விரல் நின்றது.

"அண்ணை, முதலாவது பிணத்துக்கே ஆள் வந்திட்டாரோ?"

ஓம் என்றேன்.

"விடியமுதலே? மஞ்சள் றிபன் கட்டி, படமெடுத்து,
பேர் என்னெண்டு கேட்டு?"

கதைதானே என்றேன்.
அவள் திரும்பத் தட்டத் தொடங்கினாள்.
வெளியே வவுனியா பஸ் ஒன்று
கச்சான் கோதுகளைக் கிளப்பிவிட்டுப் போனது.

திருத்தப் பிரதி வந்தது.
தொண்ணூற்றாறாம் பக்கத்தில்
நான் எழுதாத ஒரு கோப்பு.

*எட்டாவது. ஆண். வயது முப்பத்தொன்று.
உயரம்: எங்கட வாசலில் குனிந்துதான் வருவார்.
இடக்கைச் சின்னவிரல் வளைவு, தண்ணிப்பம்பி பெல்ட் அடித்தது.
நீலக்கட்டச் சாரம். மடியில் சைக்கிள் திறப்பு.
சைக்கிள் வீட்டில் நிற்கிறது, பூட்டினபடி.
கடைசியாகக் கண்டது: பாலத்துக்கு இந்தப் பக்கம்,
பேர் பதிகிற வரிசையில்.
நெருப்புப்பெட்டி இல்லை.*

சிவப்புப் பேனை எடுத்தேன்.
குறுக்கே இழுக்கையில் மை முடிந்தது
என்று எழுதினால் அழகாக இருக்கும்.
மை முடியவில்லை. கைதான்.

அன்றிரவு கடைசி அத்தியாயத்தைப் பிரித்தேன்.
விசாரணை அறை. கொலைகாரன் சிரித்துக்கொண்டு
ஏழையும் ஒன்றுவிடாமல் ஒப்புக்கொள்கிறான்,
சந்தையில் மீன் எண்ணுகிறவன் போல.
சேந்தன் எட்டாவது தாளை முன்னே தள்ளுகிறார்.
அவன் வாசிக்கிறான். முதல்முறையாகக் கோபம் வருகிறது.
"இது என்ர இல்லை.
நான் செய்தா, கணக்கு வைப்பன்."

அதற்குப் பிறகு சேந்தனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.
எனக்கும்.
அவருடைய மூளை செருப்பைக் கேட்டது.
செருப்பு இல்லை.
தேநீர் ஆறியது. இம்முறை அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

முதலாளி போனில்: "அந்தப் பக்கத்தை வெட்டும் ஐசே,
கள்ளனைப் பிடிச்சாச்சு, பிறகென்ன?"
வெட்டினால் நூற்றிருபத்தேழு, அச்சில் ஒரு பக்கம் வெறுமையாகக் கிடக்கும் என்றேன்.
பேப்பர் விலை நினைத்து விட்டுவிட்டார்.
புத்தகத்தில் அது இருப்பதற்குக் காரணம் இவ்வளவுதான்,
வேறு எந்த வீரமும் இல்லை.

குணேஸ்வரியின் பில்லைப் பார்த்தேன்.
நூற்றிருபத்தேழு பக்கத்துக்கே காசு போட்டிருந்தாள்.
குறைந்த ஐம்பது ரூபாவை மேசையில் வைத்தேன்.

"அது என்ர பக்கம், அண்ணை" என்றாள்,
அடுத்தவரின் அடையாள அட்டையை
மெசினில் கவிழ்த்து வைத்தபடி.